அது வேற ஈஸ்ட்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடப்பதால், மீதிப் பேர் சுகம் என்று திருத்தி வாசிக்கவும்.

குடல் ஓட்டையாகி ஆபரேஷன் செய்தது வரை உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு கிருமி பரவாமலிருக்க ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி ஏற்றினார்கள், வாயால் சாப்பிட முடியாததால் கழுத்து நரம்பில் குழாய் வைத்துச் சாப்பாட்டையும் அதிலேயே இறக்கினார்கள், அப்படி இப்படித் தேறி வந்தவளுக்குத் திடீரென்று காய்ச்சல், மருந்தை மாற்றினாலும் காய்ச்சல் மாறவில்லை, கடைசியில் ரத்தத்தை எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "ரத்தத்துல ஈஸ்ட் வளருது" என்றார்.

இதையே ஒரு வாத்தியாரிடம் சொல்லியிருந்தால் ஏதாவது சந்தேகம் கேட்டிருப்பார். நான் ரொட்டி சுடுகிறவன் மச்சான்! கல்யாணமான நாளிலிருந்து ஈஸ்ட் வாசனையோடுதான் வீட்டுக்குள் நுழைகிறேன். மாவு பிசைந்த கையைத் துடைத்துவிட்டு அந்தக் கையாலேயே அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவன். டாக்டரம்மா பேசி முடிப்பதற்குள் ஓடிவந்து கடையைச் சாத்தி, புளிக்க வைத்திருந்த மாவையெல்லாம் வாரிச் சாக்கடையில் கொட்டினேன். வெயில் ஏறியதும் அது உள்ளேயே உப்பி அடைத்துக்கொண்டு, தெருவெல்லாம் தண்ணீர். பக்கத்துத் தையல்கடைக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து, "யோவ், உன் மாவு என் கடைக்குள்ள நடந்து வருதுய்யா!" என்று கத்துகிறார். இதற்கிடையில் விஷயம் கேள்விப்பட்டு எங்க அக்கா வந்து, வாசலிலேயே நின்று, "பொண்டாட்டியையே புளிக்க வச்சுட்டியேடா, பாவி!" என்று தெரு கேட்க ஒப்பாரி வைத்தாள். அவள் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பினாயில் ஊற்றிக் கையைத் தேய்த்தேன், தோல் உரிந்தது. அப்படியும் தைரியம் வராமல் வார்டு வாசலிலேயே நின்றேன். உங்க தங்கச்சி பார்த்துட்டு, "ஏங்க, பொண்ணு பார்க்க வந்த மாதிரி எதுக்கு அங்கேயே நெளியுறீங்க?" என்றாள். எட்ட நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். தையல் வலிக்க வலிக்கச் சிரிக்கிறாள். நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினார்.

பிறகு டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார்: "நீங்க கொண்டு வந்து குடுக்கல. ரொட்டி ஈஸ்ட் இல்ல, அது வேற ஈஸ்ட். கேண்டிடான்னு பேரு. உங்க வாயில, என் வயித்துல, முக்கால்வாசிப் பேர்கிட்ட இருக்கும். ஒரு ஓரமா சும்மா கிடக்கும். இவங்களுக்கு மருந்து நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுடுச்சு, குடல் கிழிஞ்சிருக்கு, கழுத்துல குழாய், எதிர்த்து நிக்க உடம்புல தெம்பில்ல. வழி கிடைச்சதும் உள்ள பூந்துடுச்சு."

நான் குற்றவாளி இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இல்லை மச்சான். வெளியிலிருந்து வந்ததென்றால் கதவைச் சாத்தலாம். கூடவே இருந்து, அவள் சாப்பிட்டதையே சாப்பிட்டு, சத்தமில்லாமல் கிடந்தது, அவள் படுத்த நேரம் பார்த்து எழுந்திருக்கிறதே, அதை எந்தக் கதவைச் சாத்தி நிறுத்துவது? ராத்திரி பகல் இதே யோசனைதான்.

இப்போது குழாயை எடுத்துவிட்டார்கள். ஈஸ்டும் பூஞ்சைதானாம், அதற்கான மருந்து ஏறுகிறது, காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள், என்னை அதட்டுகிறாள். ஆகவே வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டாம். உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு நாங்கள் இருவரும் மனதாரச் சொல்லும் ஆசியையும் சேர்த்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: "அண்ணன் பயந்துடும், சிரிக்கிற மாதிரி எழுதுங்க, நல்லாயிட்டேன்னு முடிங்க" என்றாள். சொன்னபடி எழுதிப் படித்தும் காட்டிவிட்டேன். இப்போது தூங்குகிறாள். காய்ச்சல் இறங்கவில்லை மச்சான். அந்த ஈஸ்ட் இருதய வால்வில் ஒட்டி வளர்ந்திருக்கிறதாம். நெஞ்சைத் திறந்துதான் எடுக்கணுமாம், திறந்தாலும் உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அவளிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இதைப் படித்த கையோடு புறப்பட்டு வாங்க. இந்தப் பக்கம் ஏதோ வேலையா வந்தேன்னு சொல்லிக்குங்க. நம்பமாட்டா. பரவாயில்லை, வாங்க.