முன்பே அறிந்த இடர்

கடலைத் தாண்டுகிறவன் வீரன் அல்லன். தாண்டுவதற்கு முன்னால் அலை, காற்று, மேகம், மாலுமிகளின் மனக்குறை ஆகிய அனைத்தையும் பற்றிக் கேள்வி கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, அசலை ஓர் இடத்திலும் நகலை வேறோர் இடத்திலும் பத்திரப்படுத்துகிறவனே வீரன். இத்தகைய வீரர்கள் பெரும்பாலும் கடலைத் தாண்டுவதில்லை. அதற்கெல்லாம் அவர்களுக்கு ஏது நேரம்?

அப்படிப்பட்ட ஒரு வீரரின் சரித்திரம் இது. அவர் குடிநீர் வாரிய அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பிறர் செய்த வேலையைச் சரிபார்ப்பது அவர் வேலை. ஆகவே அவரை அலுவலகமே 'சரிபார்ப்பு' என்றுதான் அழைத்தது. குழாய் வெடித்துத் தெருவெல்லாம் தண்ணீர் ஓடினாலும், வெடித்தது வாரியத்தின் குழாய்தானா என்பது உறுதியாகாமல் அடைப்பதற்கு ஆள் அனுப்ப மாட்டார். தண்ணீர் போனால் போகட்டும், முறை போய்விடக் கூடாது என்பது அவர் கொள்கை. இரண்டும் போன தெருக்கள் உண்டு. அவை இப்போது நமக்கு வேண்டாம்.

அவருடைய ஒரே மகள் கடல் கடந்த ஊரில் இருந்தாள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை சரக்குக் கப்பலில் எஞ்சினியர். குழந்தை பிறக்கும் நேரத்தில் அவர் நடுக்கடலில் இருப்பார் என்பது முன்பே தெரிந்துவிட்டது. எனவே அம்மாவும் அப்பாவும் துணைக்கு வந்தால் போதும் என்று மகளே இருவருக்கும் விமான டிக்கெட் எடுத்தாள். எடுக்கும்போதே போன் செய்தாள்.

"அப்பா, கடைசில ஒரு கட்டம் காட்டுது. டிக் அடிச்சா இன்சூரன்ஸும் சேர்ந்து வந்துடும். அடிச்சிடவா?"

"அடிக்காதே!" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்த மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "நான் என்ன, கண்ட கட்டத்துல டிக் அடிக்கிற ஆளா? அடுத்தவன் அடிச்ச டிக்கை சரிபார்க்கிற ஆள்மா நான்! புயல் வந்தா? பூகம்பம் வந்தா? வேலைநிறுத்தம் வந்தா?"

"குழந்தை வந்தா?" என்றாள் மனைவி.

அந்தக் கேள்வி எந்தப் பிரிவிலும் வராததால் அவர் அதைப் பரிசீலிக்கவில்லை.

மறுநாளே 'பாலிசித் தேர்வு நடவடிக்கைகள்' முறைப்படி தொடங்கின. முதலில் அலுவலகத்தில் கருத்துக் கேட்டார். ஜீப் ஓட்டுநர், "கவலைப்படாம போயிட்டு வாங்க சார், எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார். "அதை எழுத்துல தருவியா?" என்று கேட்டார் சரிபார்ப்பு. ஓட்டுநர் அதற்குப் பிறகு யாருக்கும் நல்ல வார்த்தை சொல்வதில்லை என்று கேள்வி.

அடுத்து, வீட்டுக்கு இன்சூரன்ஸ் முகவர் வந்தார். கழுத்தில் டை, கையில் வழவழப்பான தாள்கள், முகத்தில் கழற்றவே முடியாத சிரிப்பு.

"இயற்கைப் பேரிடர் முழுக்க கவர் ஆகும் சார்" என்று தொடங்கினார்.

"வெள்ளம்?"

"தாராளமா. மழையால வந்த வெள்ளமா இருக்கணும். சாக்கடை அடைச்சு வந்ததுன்னா அது இயற்கை இல்ல சார், நகராட்சி."

"விமான நிலையத்துல தண்ணி நிக்குது. அது எந்தத் தண்ணின்னு எப்படித் தெரியும்?"

"எங்க சர்வேயர் வந்து பார்ப்பார்."

"வெள்ளத்துல எப்படி வருவார்?"

"வடிஞ்ச பிறகுதான் சார் வருவார்."

"வடிஞ்ச பிறகு வெள்ளம் எங்க இருக்கும்?"

"அதேதான் சார்" என்று முகவர் மகிழ்ச்சியோடு தொடையைத் தட்டினார். "வெள்ளமே இல்லையேன்னு எழுதிடுவார்."

இப்படி ஓர் அப்பழுக்கற்ற தர்க்கத்தைச் சரிபார்ப்பு தம் வாரியத்தில்கூடக் கண்டதில்லை. நெகிழ்ந்துபோனார். குரலைத் தாழ்த்திக்கொண்டு வேலைநிறுத்தத்துக்கு வந்தார்.

"அது ரெண்டு வகை சார். முன்கூட்டியே அறிவிச்சுட்டு செஞ்சா, உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சே போய் மாட்டினா நாங்க பொறுப்பில்ல. அறிவிக்காம செஞ்சா, சட்டவிரோதம். சட்டவிரோதத்தை எங்க கம்பெனி ஏத்துக்காது."

"அப்ப கவர் ஆகறது எது?"

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது."

"நடுவுல என்ன இருக்கு?"

"நம்பிக்கை சார்."

காப்பி கொண்டுவந்த மனைவி, "தம்பி, அவ அங்க தனியா இருக்கா. வர்ற வாரம் கிளம்பணும். ஏதாவது ஒண்ணக் குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

"அவசரப்படுத்தாதே. இது கத்திரிக்காய் வாங்கற விஷயமில்ல" என்றார் கணவர். கத்திரிக்காய் வாங்கும்போதும் அவர் இதையேதான் சொல்வார்.

அந்த 'வர்ற வாரம்' வந்தது, போயிற்று. பாலிசி முடிவாகவில்லை. மகள் பயணத் தேதியைத் தள்ளிப் போட்டாள். "பரவாயில்லப்பா, இன்னும் நாள் இருக்கு" என்றாள். அவள் சொன்னது அவருக்குச் சமாதானமாகக் கேட்டது. மனைவிக்கு வேறு மாதிரி கேட்டது.

சரிபார்ப்பு அன்றாடம் கம்பெனிக்குப் போன் செய்யத் தொடங்கினார். 'சேவையின் தரத்தை உயர்த்துவதற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு குரல் சொல்லும். உடனே அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார். வாரியத்தில் அவர் பேச்சை யாரும் பதிவு செய்ததில்லை, கேட்டதுகூட இல்லை. எரிமலை வெடித்துச் சாம்பல் பறந்தால்? பறவைக் கூட்டம் எஞ்சினில் புகுந்தால்? விமானிகள் கோபித்துக்கொண்டால்? "பெட்டி தூக்கறவங்க ரொம்ப நாளா முணுமுணுக்கறாங்கன்னு பேப்பர்ல பார்த்தேன். அவங்க திடீர்னு நிறுத்தினா?"

"அருமையான கேள்வி சார்" என்பாள் அந்தப் பக்கத்துப் பெண். "குறிச்சுக்கிட்டேன் சார்."

"ஏங்க, எல்லாரும் பெட்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பறாங்க. நீங்க எரிமலைய எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

"உனக்கு இதோட ஆழம் தெரியாது."

"ஆழம் தெரியுது. கரைதான் தெரியல."

கடைசியில், மகளுக்கு மருத்துவர் குறித்த தேதிக்கு மிக அருகில், பாலிசி வந்து சேர்ந்தது. அட்டையில் தங்க எழுத்தில் 'உங்களுக்கே உங்களுக்காக' என்று அச்சிட்டிருந்தது. இந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பதில்லை; வாடிக்கையாளரின் குரலைக் கம்ப்யூட்டரே கேட்டு, அவர் மனத்தை அறிந்து, அவருக்கென்றே பாலிசி தைக்கிறது. சரிபார்ப்பு உள்ளே புரட்டினார். கண் கலங்கிவிட்டது. அவர் கேட்ட கேள்விகள் அனைத்தும் அங்கே இருந்தன. எரிமலை இருந்தது, பறவை இருந்தது, விமானிகளின் கோபம் இருந்தது, பெட்டி தூக்குகிறவர்களின் முணுமுணுப்பும் இருந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை.

மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பைப் படித்தாள்.

"'வாடிக்கையாளர் முன்பே அறிந்த இடர்கள்: இவற்றுக்குக் காப்பீடு இல்லை.' ஏங்க, நீங்க கேட்டது ஒண்ணுமே கவர் ஆகாதுன்னு போட்டிருக்கே?"

"ஆகாதுதான்" என்றார் அவர், தழுதழுத்த குரலில். "ஆனா எவ்வளவு தெளிவா ஆகாதுன்னு போட்டிருக்கான் பாரு!"

கையெழுத்திட்டார்.

விமான நிலையத்துக்குப் போனார்கள். பெட்டி தூக்குகிறவர்கள் அன்று காலைதான் முணுமுணுப்பதை விட்டுவிட்டு வாய்திறந்து பேசியிருந்தார்கள். கூடம் முழுக்கப் பெட்டிகள். பெட்டிகளின் மேல் மனிதர்கள். காதில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞன் மட்டும் பையைத் தலைக்கு வைத்து நிம்மதியாகப் படுத்திருந்தான்.

"தம்பி, இன்சூரன்ஸ் எடுத்திருக்கியா?" என்று விசாரித்தார் சரிபார்ப்பு.

"ஏதோ டிக் அடிச்சேன் அங்கிள்."

"வேலைநிறுத்தம் கவர் ஆகுமா?"

"வேலைநிறுத்தமா? இன்னைக்கா?" என்று எழுந்து உட்கார்ந்தான் அவன்.

அவனைப் பார்த்துச் சரிபார்ப்பு பெருமூச்சு விட்டார். ஒன்றும் தெரியாதவன், ஆகவே எல்லாம் கவர் ஆகும். பிறகு கடமை நினைவுக்கு வந்தது. தடை ஏற்பட்டால், தடை ஏற்பட்டதற்கான சான்றிதழை அங்கேயே, அப்போதே வாங்க வேண்டும் என்று பாலிசியில் இருந்தது. பாஸ்போர்ட்டுகளும் டிக்கெட்டுகளும் இருந்த பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க போறீங்க? எனக்கு என் பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டுப் போங்க."

"ஆவணங்களைப் பிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மாடியேறினார்.

அவர் தலை மறைந்ததும் அறிவிப்பு வந்தது: பெட்டியை விட்டுவிட்டுக் கைப்பையோடு மட்டும் வரத் தயாராக இருப்பவர்கள் உடனே வரலாம், விமானம் புறப்படப் போகிறது. மனைவி எழுந்துவிட்டாள். கொடி பிடித்து நின்றிருந்த தொழிலாளி ஒருவர் அவள் பெட்டிகளைப் பார்த்து, "போங்கம்மா, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் பத்திரமா இருக்கும். தூக்கத்தான் மாட்டோம், பார்த்துக்க மாட்டோம்னு சொல்லலையே" என்றார். அவள் கணவருக்குப் போன் போட்டாள். லைன் பிஸி. மறுபடி போட்டாள். மறுபடி பிஸி. மாடியில் சரிபார்ப்பு, சான்றிதழில் எந்த நிற முத்திரை செல்லும் என்று கேட்பதற்காகக் கம்பெனியின் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெட்போன் இளைஞன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரலையா ஆன்ட்டி?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி உள்ளே போனான்.

விமானம் புறப்படவில்லை என்ற சான்றிதழோடு அவர் இறங்கி வந்தபோது விமானம் புறப்பட்டுவிட்டது.

"முத்திரை தெளிவா விழுந்திருக்கு பார்" என்றார்.

அவள் பார்க்கவில்லை. பெட்டிகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் மகளிடமிருந்து போன். பெண் குழந்தை. "வலி வந்ததும் யாரைக் கூப்பிடறதுன்னு தெரியலம்மா. எதிர் ஃப்ளாட்டுக்காரங்க கதவைத் தட்டினேன். பேர்கூடத் தெரியாது. அவங்கதான் கையப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க."

"ஆம்புலன்ஸ் ரசீதை பத்திரமா வச்சிருக்காளான்னு கேளு" என்றார் சரிபார்ப்பு.

மனைவி போனைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே கம்பெனியின் எண்ணை அழுத்தினாள். அவர் பக்கத்தில் வந்து ஸ்பீக்கரைப் போட்டார். குறை சொல்லும் முறையில் மனைவி தவறு செய்தால் திருத்த வேண்டுமல்லவா?

"சொல்லுங்க மேடம். பயணம் எதனால தடைபட்டுச்சு? வேலைநிறுத்தமா?"

"இல்லம்மா. அவங்க அனுப்பத் தயாரா இருந்தாங்க. விமானமும் போச்சு."

"இயற்கைப் பேரிடரா?"

மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியும் சொல்லலாம். என் வீட்டுக்காரர்."

விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டது. "இந்த இடர் உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் மேடம்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து."

"அப்படின்னா அது முன்பே அறிந்த இடர் மேடம். தெரிஞ்சேதான் கூட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க. கவர் ஆகாது."

சரிபார்ப்பு தலையை ஆட்டினார். மனத்துக்குள் ஒருமுறை படித்துப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். எந்தப் பிழையும் தட்டுப்படவில்லை.

"சரியாத்தான் சொல்றா" என்றார்.

மனைவி, இன்னமும் அவர் கக்கத்திலேயே இருந்த பையைப் பிடுங்கி, தன் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, டிக் அடிக்கப் போனாள்.