சீழ்க்கைப் படலம்

அடைத்த குழாய்க்கு அஞ்சாதவர், ஏழு மாடி ஏறி நீரின் திமிரடக்கி இறங்கும் இரும்புத்தோளர், இடுப்பில் ஸ்பேனரும் காதிடுக்கில் பென்சிலும் தரித்த பிளம்பர் பெருமகனார் நீடு வாழ்க! தம் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்ததை நாம் பெரிதுபடுத்தாதிருப்போமாக.

அவர்தம் துணைவியாரோ, பிதுங்கி வழியும் பேருந்தை ஒற்றை விசிலால் நிறுத்தவும் நகர்த்தவும் வல்ல கண்டக்டர். "இன்னிக்கு நான் டூட்டி முடிச்சு வரும்போது அந்தக் குழாய் சொட்டக் கூடாது, சொல்லிட்டேன்!" என்று அவ்வம்மை காலையில் பிறப்பித்த ஆணையைத் தலைமேற்கொண்டு, பெருமகனார் மாலை நாலரைக்குக் குழாயின் சிரத்தைத் திருகிக் கொய்தார். கொய்த பின்னரே, அதற்கென வாங்கி வந்த புது வாஷர், மிளகினும் சற்றே பருத்த அக்கரிய ரப்பர் வளையம், பையில் இல்லை என்று கண்டார்.

பையைக் கவிழ்த்து உலுக்கித் தேடுங்காலை, எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை எழுந்தது. மெலிந்து, ஈரம் தோய்ந்து, விட்டுவிட்டு ஒலித்தது.

"லைன்ல காத்து புகுந்திருச்சு! யாரும் எந்தக் குழாயையும் தொடக் கூடாது!" என்று எண்டிசையும் அதிரப் பிரகடனம் செய்தார். அப்போது வீட்டில் அவரையும் நாலு வயது மகளையும் தவிர ஒருவரும் இல்லை.

குளியலறைமேல் படையெடுத்தார், சீழ்க்கை அங்கும் கேட்டது. ஷவரைக் கழற்றி வீழ்த்தினார், கேட்டது. பகைவனின் மூலக்கோட்டையையே தகர்ப்பதென மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறி, முன்பே மூடி வைத்திருந்த வால்வை இன்னும் இறுக்கி, வெற்றிப் பெருமிதத்தோடு அவர் நிமிர்ந்த கணத்தில், சீழ்க்கை படியேறி வந்து பக்கத்தில் நின்றது. இருபதாண்டுத் தொழிலில் படியேறும் குழாயைக் கண்டிராத பெருமகனார் மெல்லத் திரும்பினார்.

வாண்டு என்று அழைக்கப்படும் அவர் மகள், வாயை இறுக மூடி மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இடது துளையில் வாஷர் மின்னியது.

"நானும் குழாய்ப்பா" என்றாள்.

அவளை வாரியெடுத்துக் கூடத்துக்கு இறங்கிய பெருமகனார், வாளுருவும் வீரரென இடுக்கியை உருவினார். ரப்பர் வழுக்கி ஒரு நூல் உள்ளே போயிற்று. சீழ்க்கை நின்றது.

குழந்தை வீறிட்டாள். எத்தனையோ அடைப்புகளின் முன் மார்தட்டிய அம்மனிதர், நின்றுபோன அந்தச் சீழ்க்கையைத் தேடி அவள் மூக்கருகே காதை வைத்தார். இந்தக் குழாயில் ஓடுவது மூச்சு என்பது அப்போதுதான் உறைத்தது. பதைப்பில், வேறு கதி தெரியாத பழக்க தோஷத்தில், சாக்கடை குத்தும் கம்பியை நோக்கி அவர் கை நீண்டது.

அக்கணம் வாசலில் விசில் பிளிறியது. பேருந்துகள் நிற்கும் அவ்வொலிக்குக் கம்பியும் நின்றது.

"கைய எடுங்க! அது குழாயா? புள்ள மூக்கு!"

காக்கிச் சட்டையோடு வந்து நின்ற அம்மை, பிள்ளையை மடியில் வாங்கி, எதிர்வீட்டு நர்ஸை போனில் அழைத்தார். விண்ணிலிருந்து இறங்கியதுபோல் ஸ்பீக்கரில் அருள்வாக்கு ஒலித்தது: "எதையும் விட்டுக் குத்தாதீங்க, இன்னும் உள்ள போயிரும். அடைக்காத பக்கத்த விரலால மூடிட்டு, புள்ள வாயில வாய் வச்சு, சட்டுனு ஒரு ஊது ஊதுங்க. வரலேன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க."

ஒரு வாயை அடைத்து மறுவாயில் காற்றைச் செலுத்தும் வித்தை! இருபதாண்டாக ஊரார் குழாய்க்கெல்லாம் செய்து சம்பாதித்தவர், சொந்தப் பிள்ளைக்கு அதை மறந்து நின்றார்.

"வாண்டு, அம்மாவுக்குப் பெரிய முத்தா ஒண்ணு குடு" என்று சொல்லி, தினமும் நானூறு நிறுத்தத்தில் விசிலூதித் தேர்ந்த அம்மை, தன் மூச்சைத் திரட்டி ஒருமுறை ஊதினார். சளியும் கண்ணீரும் புடைசூழ வாஷர் புறப்பட்டு, பறந்து, குனிந்து நின்ற பெருமகனாரின் நெற்றியில் மோதித் தரையில் விழுந்தது. வாண்டு இரண்டு துளையாலும் மூச்சு விட்டாள், சத்தமே இல்லை. இரும்புத்தோளர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து விசும்பி அழுதார்.

அப்புறம் அந்த வாஷரைச் சோப்புப் போட்டுக் கழுவி, சமையலறைக் குழாயில் மாட்டினார்.