வண்டிக்கேற்ற தூரம்

புது வண்டியின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. கணக்கர் அதைப் பார்க்காத மாதிரி ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தனியாக இருந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்து இருக்கையில் மனைவியின் தம்பி.

"அத்தான், ஏதோ எரியுதே?"

"அது அப்படித்தான் எரியும். டீசல் வண்டி."

"என் ஹைப்ரிட்ல இப்படி ஒண்ணும் எரியறதில்லையே," என்றான் மச்சினன், ரொம்பக் கவலைப்படுகிறவன் போல.

கணக்கர் பல்லைக் கடித்துக்கொண்டார். பழைய கார் உயிரை விட்ட நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். எரிபொருள் குறைவாகக் குடிக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குவது என்று அவர் சொன்னதுதான் தாமதம், மச்சினன், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஹைப்ரிட்டின் புராணத்தை ஆரம்பித்துவிட்டான். "சிக்னலுக்கு சிக்னல் நின்னு போற நமக்கு அதுதான் அத்தான் சரி. பிரேக் போட்டா பேட்டரி ஏறும். மெதுவா ஊர்ந்தா எஞ்சினே தூங்கிடும்."

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சொன்ன ஆள்தான் தப்பு. வேறு யார் சொல்லியிருந்தாலும் கணக்கர் மறுநாளே ஹைப்ரிட் வாங்கியிருப்பார். இவன் பேச்சைக் கேட்டு வாங்கினால், ஆயுசு முழுக்க, 'நான் சொல்லித்தானே வாங்கினீங்க' என்பதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும். எனவே, நெடுஞ்சாலையில் டீசலை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அறிவித்துவிட்டு டீசலை வாங்கினார்.

நெடுஞ்சாலைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் கூப்பிடு தூரம். பெல்ட்டைப் போட்டுக் கண்ணாடியைச் சரிசெய்து நிமிர்ந்தால் அலுவலகம் வந்துவிடும். நடந்து போகலாமே என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

விளக்கு அணையவில்லை என்று கொண்டுபோய் விட்ட வண்டியை மெக்கானிக் சுற்றி வந்து, பானட்டைத் திறந்து, மூடினார்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். புகைக்கரியைப் பிடிச்சு வைக்க இதுல ஒரு ஃபில்டர் இருக்கு. வண்டி நல்லா சூடாகி, தூரமா ஓடினாத்தான் அந்தக் கரி எரிஞ்சு போகும். நீங்க எஞ்சினுக்குத் தூக்கம் கலையறதுக்குள்ள நிறுத்திடறீங்க. அடைச்சுக்குது."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"ஓட்டணும் சார். நெடுஞ்சாலையில ஏறி ஒரு சுத்து."

"எங்க போக?"

"எங்கயும் போக வேணாம். போயிட்டு வந்தா போதும்."

மறுநாளிலிருந்து கணக்கர் மதியச் சாப்பாட்டுக்கு நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். எரிபொருளை மிச்சப்படுத்த வாங்கிய வண்டியில் எரிபொருளை எரிக்கவென்றே ஊரைச் சுற்றினார். விளக்கு அணைந்தது. சோறு ஆறிப்போனது.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தாள். மதியமானால் மெஷினை நிறுத்திவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். பிறகு ஒரே ஒரு ஆட்டம் சீட்டு. அவர்தான் தோற்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வழக்கம் ஒரு நாளும் தவறியதில்லை. நாள் முழுக்க வாயே திறக்காமல் எண்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர் அந்த ஒரு ஆட்டத்தில்தான் வாய்விட்டுச் சிரிப்பார்.

"ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஆபீஸ்லேருந்து வர இவ்வளவு நேரமா?" என்றாள் அவள். சீட்டுக்கட்டு பிரிக்காமலே கிடந்தது.

"வண்டிக்கு ஓட்டம் வேணுமாம்."

"எனக்கு ஒரு ஆட்டம் வேணுமே. பேசாம இதை வித்துட்டு ஹைப்ரிட் வாங்குங்க."

"உன் தம்பி சிரிப்பான்."

"அவன் இப்ப மட்டும் அழுதுகிட்டா இருக்கான்?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. சாப்பாட்டு நேரத்தைத் தொடாமல் வண்டிக்கு ஓட்டம் கொடுக்க என்ன வழி என்று கணக்கர் இரவு பகலாக யோசித்தார். காலையில் சீக்கிரம் கிளம்பிச் சுற்றிப் பார்த்தார். அலுவலகத்தில் தூங்கி வழிந்தார். கூட்டலில் பிழை வந்தது. மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

மாட்டிக்கொண்ட அவசரத்தில் கணக்கர் வாயில் வந்ததைச் சொன்னார். "எனக்கு நெடுஞ்சாலைக் கிளைக்கு மாற்றல் கிடைக்குமா சார்?"

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அவ்வளவு தூரத்துக்கு யாருமே போக மாட்டாங்களேய்யா. உமக்கு அதிர்ஷ்டம்தான். அங்கேயிருந்து ஒருத்தர் இங்க வரணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். உம்ம இடத்துக்கு அவர், அவர் இடத்துக்கு நீர்."

கணக்கர் விசில் அடிக்காத குறையாக வெளியே வந்தார். போகவர நல்ல ஓட்டம், அடைப்பு கிடையாது, டீசல் வாங்கியதற்கும் நியாயம் கிடைத்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மதியச் சாப்பாடு ஞாபகம் வந்தது. இனி வீட்டுக்கு வரவே முடியாது. ஆர்டர் கையெழுத்தாகிவிட்டது.

மனைவி சத்தம் போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"ஒரு காருக்காக வேலையையே மாத்திக்கிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சீட்டுக்கட்டை எடுத்து நூல் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அன்று கணக்கருக்குச் சோறு இறங்கவில்லை. மதிய ஆட்டத்தில் தோற்கக்கூட இனி வழியில்லை என்று நினைத்துக்கொண்டார். மச்சினனிடம் தோற்றிருக்கலாம் என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே, "புது ஆபீஸ் பக்கமா ஒரு சுத்து போய் வருவோமா?" என்றாள். கோபம் தணிந்துவிட்டது என்று அவர் குதூகலமாக ஓட்டினார். வண்டியும் நெடுஞ்சாலையில் வழுக்கிக்கொண்டு போனது. கிளை அலுவலகத்தைத் தாண்டியதும் அவள், "இங்க நிறுத்துங்க," என்றாள்.

ஒரு வீட்டு வாசலில் வீட்டுத் தரகர் சாவியோடு காத்திருந்தார். மாடி ஜன்னலைத் திறந்தார். எதிர்ச் சாரியில் கிளை அலுவலகத்தின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது.

"மதியம் சாப்பிட வந்துடலாம்," என்றாள் மனைவி. "முன்னறையில மெஷினும் போட்டுக்கலாம். வாடகை பேசி முடிச்சாச்சு. இப்ப இருக்கிற வாடகை வீட்டைக் காலி பண்றதாவும் சொல்லியாச்சு."

கணக்கருக்குக் கண் கலங்கியது. பாதி சந்தோஷம். மீதிப் பாதி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்ததால் வந்தது.

"அப்ப வண்டி?"

"துடைச்சு வைங்க. அழகாத்தான் இருக்கு."

அவருக்குக் கொஞ்சமாவது முரண்டு பிடிக்க வேண்டும் போல இருந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திருகிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. தரகரிடம் திரும்பினார்.

"இவ்வளவு நல்ல வீட்டை இங்க இருக்கிறவங்க எதுக்குக் காலி பண்றாங்க? உள்ளதைச் சொல்லுங்க."

"வீட்டுல ஒண்ணும் குறையில்ல சார், இங்க இருக்கிறவரும் உங்க ஆபீஸ்தான், டீசல் வண்டிய வாங்கிட்டு ஓட்டத் தூரம் பத்தலைன்னு அந்தக் கோடிக்கு மாற்றல் வாங்கிட்டாரு, அவரு சம்சாரம் விடுவாங்களா, அந்த ஆபீஸ் பக்கத்துலயே நீங்க காலி பண்ற வீட்டைப் பேசி முடிச்சுட்டாங்க."