நாயகர் இல்லாத விளையாட்டு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். சின்னக் கதைதான், கேட்டபின் நெஞ்சு கொஞ்சம் கனக்கும்.

ஏழேரி நாடு என்று ஒரு நாடு. அங்கே அரசனை மக்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெருந்திடலில் முரசு அறைந்ததும் எல்லோரும் வலக்கையைத் தூக்க வேண்டும். அதுதான் தேர்தல்.

அந்த நாட்டில் தில்லைக்கரசி என்றொருத்தி வீடியோ கேம் செய்து பிழைத்து வந்தாள். அவளுடைய அம்மா பூரணி, முன்னொரு வெள்ளத்தில் ஏரிக்கரை உடைந்தபோது உடைப்பில் முதுகைக் கொடுத்து நின்றவள். தெருச் சனம் மேடேறும்வரை நின்றாள். அப்புறம் அவளைக் காணவில்லை. எந்தக் கல்வெட்டிலும் அவள் பெயர் ஏறவில்லை. ஒரு விளையாட்டிலாவது அம்மாவை நிற்க வைத்துவிட வேண்டும் என்பது மகளின் ஆசை. சிவப்புச் சேலையை வரிந்து கட்டி, ஏரியையே முதுகால் தடுக்கும் வீராங்கனையாக அவளை வரைந்தாள்.

நாயகர் வருகிற எந்த விளையாட்டுக்கும் அந்த நாட்டில் அரண்மனையின் நாயக உரிம அலுவலகம் முத்திரை குத்த வேண்டும். அங்கே தலைமை அதிகாரி பஞ்சநதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"அம்மணி, வெள்ளத்தைத் தடுத்தவர் நம் மாமன்னர். அச்செயலின் பதிப்புரிமை அரண்மனையைச் சேர்ந்தது."

"ஐயா, அவரு அன்னிக்கு மாடியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தாருங்க. தண்ணியில நின்னது எங்கம்மா."

"மன்னர் பார்த்தால் அது மன்னர் செய்தது. சட்டம் தெளிவாக இருக்கிறது."

முதல் ஆணை வந்தது: சிவப்பு, அரச வீரத்தின் நிறம். தில்லை சேலையை வெளுத்தாள். சந்தையில் மிளகாய்க் கூடைகளை மூடி வைத்தார்கள். இரண்டாம் ஆணை: அளவுக்கு மீறிய வலிமை மாமன்னருக்கே உரியது. தில்லை அம்மாவின் தோளை மெலிய வைத்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் உரிமத்துக்கு வரிசையில் நின்றார்கள். மூன்றாம் ஆணை: பிறரைக் காப்பாற்றுகிறவர் எவரும் நாயகர், நாயகர் அனைவரும் அரண்மனைச் சொத்து. கிணற்றில் விழுந்த பிள்ளையைத் தூக்கிய ஒருவன் சிறைக்குப் போனான்.

அன்று தில்லை அம்மாவைத் திரையிலிருந்து அழித்தாள். மிச்சம் இருந்தவை வெள்ளம், உடைப்பு, தெருச் சனம். வெகுநேரம் அந்த உடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெருச் சனத்தை ஒவ்வொருவராகக் கொண்டுவந்து, கைகோத்து அங்கே நிறுத்தினாள்.

"நாயகர் எங்கே?" என்றார் பஞ்சநதம்.

"யாருமில்லீங்க. நாப்பது பேரு சேந்து ஆடணும். ஒருத்தர் கைய விட்டாலும் கரை போயிடும்."

பஞ்சநதம் மகிழ்ந்தார். "நாயகரே இல்லாதபோது நாம் உரிமை கோர என்ன இருக்கிறது?" என்று முத்திரை குத்தினார்.

வீட்டுக்கு வீடு அதை ஆடினார்கள். ஐப்பசியில் ஏரி மறுபடி உடைந்தது. "அவரவர் இடத்தில் காத்திருங்கள், மாமன்னர் வந்து தடுப்பார்" என்று முரசறைந்தார்கள். சனம் காத்திருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, மன்னர் வரவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஊரே போய்க் கைகோத்து உடைப்பில் நின்றது. மண்மூட்டை அடுக்கி முடியும்வரை ஒரு கையும் விடவில்லை. கரை நின்றது.

மறுநாளே ஆணை: "கைகோத்தலைக் கண்டருளியவர் மாமன்னர். இனி உரிமமின்றிக் கைகோப்பது குற்றம்."

அடுத்த மாதம் தேர்தல். பெருந்திடலில் முரசு அறைந்தார்கள். ஒரு கைகூட எழவில்லை. சனம் முழுதும் கைகோத்து நின்றது.

"கையைத் தூக்குங்கள்!" என்று பஞ்சநதம் வரிசை வரிசையாக ஓடினார்.

"தூக்கணும்னா விடணுமே சாமி," என்றார் மூட்டைக்காரர் ஒருவர். "விட்டா கரை போயிடுமே."

நடுவரிசையில் தில்லை நின்றாள். அவளுக்கும் அடுத்தவருக்கும் இடையே ஓர் ஆள் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. அதன் குறுக்கே, ஆளுக்கொரு முனையாக, பூரணியின் பழைய சிவப்புச் சேலையை இருவரும் பிடித்திருந்தார்கள்.

எழுந்து போங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். உலை கொதிக்கட்டும். வாசலுக்குத் தண்ணீர் வரும் நாளில் இந்தப் பக்கம் ஒரு கையும் அந்தப் பக்கம் ஒரு கையும் உங்களுக்கு இருக்கட்டும்.