பீரோ விதிப்படி ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

கட்டட அனுமதி அலுவலகத்தில் ஃபைல்கள் நகர்வதேயில்லை என்று பொதுமக்கள் நெடுநாளாகக் குறைபட்டு வந்தார்கள். அந்தக் குறையை அலுவலகம் மிகுந்த அக்கறையுடன் பரிசீலித்தது. வேகம் என்பது மக்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆகவே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. சிக்கனமும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதனால் பழைய கார். அப்போது ஊரில் வசதியுள்ளவர்கள் எல்லாரும் தரையோடு தவழும் கார் ஒன்றை வாசலில் நிறுத்திக்கொள்வது நாகரிகமாகியிருந்தது. பெரிய அதிகாரியின் சம்பந்தி வீட்டு வாசலிலும் ஒன்று வந்து நின்றது. அதற்கும் தீர்மானத்துக்கும் தொடர்பே இல்லை என்று, யாரும் கேட்காமலே, பெரிய அதிகாரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரைப் பார்த்து வாங்கும் பொறுப்பு தலைமை எழுத்தர் தலையில் விழுந்தது. பாவம், மனிதர் ஏற்கெனவே நொந்து போயிருந்தார். அவர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் சுவர் எழும்பிவிட்டது. கூரை போட அனுமதி வரவில்லை. தலைமை அலுவலகத்துக்குக் கையெழுத்துக்குப் போக வேண்டிய ஃபைல் வேறெங்கும் இல்லை, அவர் மேஜைக்கு எதிர் மேஜையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவரும் மனைவியும் தார்ப்பாய்க்கு அடியில் குடியிருந்தார்கள். மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"சார், என் வீட்டு ஃபைல்..." என்று இழுத்தார் பெரிய அதிகாரியிடம்.

"முதல்ல கார் வரட்டும்யா. உங்க ஃபைலை அதுலயே வெச்சு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பறேன். பறந்துடும்!"

தலைமை எழுத்தருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உடனே கிளம்பப் பார்த்தார். கணக்கர் மறித்தார். எதை நீட்டினாலும் ஆட்சேபம் சொல்லுவார் என்பதால் அவருக்கு 'ஆட்சேபம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"எந்த விதிப்படி சோதிப்பீங்க?"

"பழைய கார் வாங்க விதியே இல்லையே."

"பழைய பீரோ வாங்க இருக்கே."

"பீரோவும் காரும் ஒண்ணா?"

"கார் இரும்புதானே? கதவு இருக்கா? பூட்டு இருக்கா? அப்புறம் என்ன சார் வித்தியாசம்?"

தலைமை எழுத்தர் யோசித்துப் பார்த்தார். வித்தியாசம் சொல்லத் தொடங்கினால் புது விதி எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள் தார்ப்பாய் கிழிந்துவிடும். ஆட்சேபத்தையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

பழைய கார் வியாபாரி நல்ல மாதிரி. சிவப்பு வண்டி ஒன்றைக் காட்டி, மூச்சு விடாமல் சொன்னான்: "இந்த மாதிரி வண்டின்னா இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும் சார். நீலப் புகை வந்தா ஓடிடுங்க. நாலு டயரும் ஒரே சீரா தேஞ்சிருக்கான்னு பாருங்க. அடியில குனிஞ்சு எண்ணெய் ஒழுகுதான்னு பாருங்க. எங்கயாவது ஒரு இடத்துல மட்டும் பெயிண்ட் புதுசா பளபளன்னு இருந்தா அடிபட்ட வண்டி. கிளட்ச் எப்படின்னு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். வாங்க, ஒரு சுத்து போவோம்."

சாவியைத் திருகினான். வண்டி உறுமியது. தலைமை எழுத்தருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதில் ஃபைல் போனால் நாளைக்கே கூரைதான்.

"சத்தம் வருது. கதவு பூட்டு எதுலயும் சத்தம் வரக் கூடாதுன்னு விதி" என்றார் ஆட்சேபம். பிறகு பின்னால் போய் இரண்டு கையாலும் தள்ளினார். வண்டி சற்றே உருண்டது. "ஆடுது. காலும் சரியில்ல. தள்ளுபடி."

"சார், அது சக்கரம்!" என்றான் வியாபாரி.

கடை வாசலில் ஒரு மஞ்சள் வண்டி நின்றது. ஆட்சேபம் அதையும் தள்ளினார். அசையவில்லை. தட்டினார். சத்தமில்லை. பூட்டினார், கிண்ணென்று பூட்டிக்கொண்டது. அவர் முகத்தில் அபூர்வமான ஒரு சிரிப்பு பரவியது.

"அது அலங்காரத்துக்கு நிக்குது சார்!" என்று பதறினான் வியாபாரி. "சக்கரம் இறுகிப் போச்சு. உள்ள இன்ஜினே இல்ல, கழட்டி வித்துட்டேன்."

"'வாங்கும்போது உள்ளே காலியாக இருத்தல் வேண்டும்.' அதுவும் சரியா இருக்கு."

வியாபாரி தலைமை எழுத்தரைப் பார்த்தான். தலைமை எழுத்தர் ஆகாயத்தைப் பார்த்தார். ஆகாயம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த வண்டி ஓடாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கார் வந்தால்தானே ஃபைல்? 'அசையவில்லை, சத்தமில்லை, உள்ளே காலி, பரம திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து அவருக்கே பிடிக்கவில்லை.

கிரேன் வைத்துத் தூக்கி வந்து அலுவலக வாசலில் இறக்கினார்கள். பெரிய அதிகாரி படாத பாடுபட்டு உள்ளே நுழைந்து உட்கார்ந்து, "நிக்கும்போதே என்ன வேகம் பாருங்க!" என்று பூரித்தார். அவரை வெளியே எடுக்கத்தான் இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஆனாலும் சொன்ன சொல் தவறாதவர். தலைமை எழுத்தரின் ஃபைலைத் தம் கையாலேயே முதலாவதாக உள்ளே வைத்தார். அவசர ஃபைல்கள் எல்லாம் பின்தொடர்ந்தன. கதவு பூட்டப்பட்டது.

மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் கிழிந்தது. நனைந்த சட்டையோடு தலைமை எழுத்தர் ஆட்சேபத்திடம் வந்து நின்றார்.

"என் ஃபைலைத் திருப்பிக் கொடுங்க. நானே கையில எடுத்துட்டுப் போறேன்."

"அது எப்படி சார்? வண்டியில ஏத்தியாச்சுன்னா அது வழியில இருக்கற ஃபைல். வழியில போறதுல நாம கை வைக்கலாமா?"

"வண்டி எப்பய்யா கிளம்பும்?"

ஆட்சேபம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "என்ன சார் நீங்க, அசையாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

தலைமை எழுத்தருக்கு அழுகை முட்டியது. வாசலுக்கு வந்தார். மனுக் கொடுக்க வந்தவர்கள் குடையோடு வண்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். அவர் ஃபைல் முன் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"அது உங்களுதா?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர் ஏக்கத்தோடு. "கொடுத்து வெச்சவர் சார் நீங்க. என்னுது டிக்கியில கிடக்குது."

தலைமை எழுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைக் காலரைச் சரிசெய்தார். "ஒரு போட்டோ எடுங்க" என்று வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

வீட்டில் மனைவி ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாக அடுப்பைக் காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நம்ம ஃபைல் என்னாச்சு?"

"முன் சீட்டு கிடைச்சிருக்கு."

அவள் முகம் மலர்ந்தது.

"ஜன்னலோரமாவா?"