ஹார்லனுக்கு மிஞ்சிய பதினோரு போல்ட்டுகள்

ஒரே ஒரு போல்ட்டு மிஞ்சிவிட்டது.

ஹார்லன் ப்ரூயிட் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நீளம், தலையில் லேசாகத் துரு. எதிரே எழுபதாம் வருடத்து ஷெவெல் கார் வாயைப் பிளந்தபடி நின்றது. மூன்று மாதம் முதுகொடிய வேலை செய்து, அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சேர்த்து மாட்டியிருந்தார். உதிரிப் பாகங்கள் போட்டு வைத்திருந்த காப்பி டப்பாக்கள் முப்பத்தாறும் காலி. இந்தப் போல்ட்டு மட்டும் எங்கிருந்து வந்தது?

"என்ன, ஜெபமா?" மனைவி வெர்னா பன்றிக்கறி சாண்ட்விச்சும் காப்பியுமாக கேரேஜுக்குள் வந்தாள்.

"ஒண்ணு மிச்சமா நிக்குது, வெர்னா."

"ஒண்ணுதானே? தூக்கிப் போடுங்க."

"தூக்கிப் போடவா? இது பிரேக்குல இருந்து வந்திருந்தா? ஸ்டியரிங்ல இருந்து வந்திருந்தா? பள்ளத்துல இறங்கும்போது சக்கரம் தனியா, நான் தனியா போகணுமா?"

"அப்ப விஷயம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேளுங்க."

அங்கேதான் சிக்கல். ஃபிளின்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் ஹார்லன் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. முப்பத்து நாலு வருடம் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரைப் பொறுத்தவரை கண்ணைக் கட்டிவிட்டாலும் காரைக் கழற்றி மாட்டக்கூடிய ஆசாமி. ஆனால் அவர் இருந்தது வருகைப் பதிவு அலுவலகத்தில். யார் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார்கள் என்று அட்டையைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. முப்பத்து நாலு வருடத்தில் ஒரு திருகைக்கூடத் தொட்டதில்லை. இதை வெளியே சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இதுவரை வந்ததுமில்லை.

"கர்டிஸ்கிட்ட கேளுங்களேன்," என்றாள் வெர்னா, எதுவும் தெரியாதவள் மாதிரி.

ஹார்லன் கடித்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டார்.

கார் மகன் கர்டிஸுடையது. பதினேழு வயதில் அவன் சேர்த்து வைத்த காசில் வாங்கி, இதே கேரேஜில் அக்கக்காகக் கழற்றினான். டப்பா டப்பாவாகப் பிரித்து, காகித நாடா ஒட்டி, 'ரேடியேட்டர் இடது பக்கம்', 'கதவு, மேல் கீல்' என்று கோழிக் கிறுக்கலில் எழுதி வைத்தான். அப்பாவிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சனிக்கிழமை வந்து டார்ச் பிடிப்பீங்களா?"

"அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்" என்றார் ஹார்லன். அடுத்த சனிக்கிழமையும் அதையேதான் சொன்னார். இரண்டு குளிர்காலம் இப்படியே போனது. மூன்றாவது குளிர்காலத்தில் தன் வண்டியை நிறுத்த இடமில்லை என்று எரிச்சலில் கத்தினார்: "பனி விழறதுக்குள்ள இந்தக் குப்பையைக் காலி பண்ணு!" பையன் தன்னைக் காலி செய்துகொண்டு நாட்டின் மறுகோடியில் ஓரிகனுக்குப் போய்விட்டான். குப்பை இங்கேயே தங்கிவிட்டது.

பத்தொன்பது வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்வான். ஹார்லன் எடுத்தால், "ம், இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்," என்பார். அவ்வளவுதான் அப்பாவும் பிள்ளையும் பேசியது. காரைச் சேர்த்து ஓடவிட்டு, சாவியைக் கையில் கொடுத்து, அப்போது பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். அது தெரியாமல் ஒரு போல்ட்டு வந்து குறுக்கே நின்றுவிட்டது.

சமையலறைச் சுவரில் தொங்கிய போனை எடுத்து, சுருள் வயரை கேரேஜ் வாசல்வரை இழுத்து வைத்துக்கொண்டு எண்களை அழுத்தினார்.

"ஹலோ?"

"நான்தான்டா. அப்பா."

மறுமுனையில் குரல் பதறியது. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. குத்துக்கல்லாட்டம் இருக்கா. ஒரு போல்ட்டு மிச்சமாயிடுச்சு."

"என்ன மிச்சமாயிடுச்சு?"

ஹார்லன் சொன்னார். "நீங்களா? நீங்களா மாட்டினீங்க?" என்று இரண்டு தடவை கேட்டான் கர்டிஸ். அப்புறம் நீளம் கேட்டான், தலையின் அளவு கேட்டான். "டைனமோவுக்கு அடியில ஒரு தாங்கி இருக்கும் பாருங்க. அதுல பின்பக்கம் ஒரு ஓட்டை." ஹார்லன் போனைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். ஓட்டை இருந்தது. போல்ட்டு பொருந்தியது. திரும்பி வந்து, "பொருந்திடுச்சுடா!" என்று கத்தினார். நாற்பது நிமிடம் பேசியிருந்தார்கள். அந்த நாற்பது நிமிடமும் போல்ட்டைப் பற்றி மட்டும்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, எஞ்சினுக்கு நேர் கீழே தரையில் இன்னொரு போல்ட்டு கிடந்தது.

"ரேடியேட்டர்லதான் விட்டிருப்பீங்க," என்றான் கர்டிஸ். "கழட்டிப் பாருங்க. அவசரமே இல்ல, நிதானமா."

ஹார்லன் ரேடியேட்டரைக் கழற்றினார். தண்ணீரை முதலில் வடிக்க வேண்டும் என்பது கழற்றிய பிறகுதான் அவருக்குத் தோன்றியது. பச்சைத் தண்ணீர் கேரேஜைத் தாண்டி, வெர்னாவின் ரோஜாப் பாத்தி வழியாக, பக்கத்து வீட்டுப் புல்தரைவரை போனது. ரேடியேட்டரில் எல்லா ஓட்டைக்கும் போல்ட்டு இருந்தது. எல்லாவற்றையும் திருப்பி மாட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை மேஜைமேல் அதற்கு ஜோடியாக இன்னொரு போல்ட்டு அவருக்காகக் காத்திருந்தது.

"இதென்னடா, குட்டி போடுதா?"

"டேஷ்போர்டுக்குப் பின்னாடி பாத்தீங்களா?"

டேஷ்போர்டைக் கழற்றினார். மாட்டும்போது எந்த வயர் எங்கே போனதோ, பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. ஹாரனை அழுத்தினால் மழைத்துடைப்பான் ஆடியது. அதைச் சரிசெய்ய மூன்று நாள். இப்போது மழைத்துடைப்பானைப் போட்டால் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, "ப்ரூயிட்! தொழிற்சாலையில எல்லாரும் இப்படித்தான் வேலை பாத்தீங்களா?" என்று கேட்டார். ஹார்லன் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு காது கேளாதவராகிவிட்டார்.

வாரத்துக்கு ஒன்றாக போல்ட்டுகள் பெருகின. வாரத்துக்கு ஒன்றாக போன் போனது. கியர்பெட்டியை இறக்கி ஏற்றியதில் அவருடைய கால் கட்டைவிரல் நகம் போயிற்று. பின் சீட்டைக் கழற்றியதில் ஒரு எலிக் குடும்பம் வீடிழந்தது. கர்டிஸ் இதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிப்பை ஹார்லன் கேட்டே எத்தனையோ வருடமாகியிருந்தது. தன் வீட்டுக் கூரை ஒழுகுவதையும் முழங்கால் வலியையும் அவன் சொன்னான். ஒருநாள் சாதாரணமாக, "ஷெல்லி போனப்புறம் ரெண்டு பேர் சாப்பாட்டுக்குப் பழகின கை, சமைச்சா மிஞ்சுதுப்பா," என்றான்.

"போனாளா? உன் பொண்டாட்டி எங்கடா போனா?"

"போன வருஷமே பிரிஞ்சுட்டோம். அம்மாவுக்குத் தெரியும்."

ஹார்லன் அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று வெர்னாவைக் கேட்டார்.

"அவன் போன் பண்ணும்போது நீங்க இருந்தீங்களே. எடுத்து எங்கிட்டதானே குடுத்தீங்க." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. அவள் நகக்கண்ணில் கருப்பாக எண்ணெய்க் கறை இருந்தது. கேரேஜ் கதவில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

செப்டம்பர் பிறந்தபோது டப்பாவில் பதினோரு போல்ட்டு. காரோ முழுசாக நின்றது. வயர்களையும் ஒருவழியாகப் பிரித்து மாட்டியாயிற்று, ஹாரன்கூட ஹாரனாகவே அடித்தது. ஆனால் பதினோரு போல்ட்டு இல்லாத காரை யார் ஓட்டுவது? வெர்னா வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தில் போர்வை தைக்கப் போகிறவள். "நான் அவங்களோட சேந்து உங்களுக்கும் ஒரு ஜெபம் வைக்கவா?" என்று கேலி செய்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹார்லன் துணிந்து சொல்லிவிட்டார். "கர்டிஸ், அநேகமா முடிஞ்ச மாதிரிதான். இந்தப் பதினொண்ணு எங்கன்னு தெரிஞ்சுட்டா போதும். சாவியை உங்கிட்ட குடுத்துடுறேன். கார் உன்னுதுதானே."

அவன் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தார்.

"முடிஞ்சுடுச்சா," என்றான் கர்டிஸ், குரல் இறங்கி. "அப்ப சரிப்பா."

"சந்தோஷம்தானே?"

"ம். அம்மாகிட்ட குடுங்க."

ஹார்லன் ரிசீவரை வெர்னாவிடம் நீட்டிவிட்டு கேரேஜில் போய்க் காருக்குள் உட்கார்ந்தார். இனி என்ன செய்து என்ன? பத்தொன்பது வருடம் கழித்து டார்ச் பிடிக்கப் போனால் யாருக்கு வேண்டும்? பையனுக்குக் காரும் வேண்டாம், அப்பனும் வேண்டாம். மரியாதைக்குத்தான் இத்தனை வாரம் பேசியிருக்கிறான். தப்பு தன்மேல்தான், முழுக்க முழுக்கத் தன்மேல்தான். பையன் கிறுக்கி வைத்த டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதார்.

செவ்வாய்க்கிழமை முழுக்க யோசித்தார். புதன்கிழமை காலையில் ஒரு முடிவுக்கு வந்தார். மானம் போனால் போகட்டும். ஊர்க் கடையில் போய், எனக்குக் கார் வேலை ஒரு எழவும் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, பதினோரு போல்ட்டுக்கும் இடம் கேட்டு, காரை லாரியில் ஏற்றி ஓரிகனுக்கு அனுப்பிவிட வேண்டும். அத்தோடு அவனைத் தொந்தரவு செய்வதை விட்டுவிட வேண்டும்.

இரும்புச் சாமான் கடையில் டார்லீன், கல்லாவுக்குப் பின்னால் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயது, ஊர்க்கதை எல்லாம் தெரிந்த வாய்.

"அடடே, ப்ரூயிட் சார்! தொழிற்சாலைக்காரரே கடைக்கு வந்துட்டாரே!"

ஹார்லன் டப்பாவைக் கல்லாமேல் கவிழ்த்தார். பதினொன்றும் உருண்டன. "டார்லீன், உண்மையைச் சொல்லிடுறேன். நான் அங்க வெறும் அட்டை பாத்த ஆளு. இதெல்லாம் எங்க மாட்டணும்னு எனக்குத் தெரியல."

டார்லீன் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அடுத்ததையும் எடுத்துப் பார்த்தாள். மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"இதை ஏன் சார் திருப்பிக் கொண்டாந்தீங்க? எல்லாம் எங்க கடைச் சரக்குதானே."

"உங்க சரக்கா?"

அவள் குனிந்து, 'ப்ரூயிட்' என்று எழுதிய சின்னக் காகிதப் பை ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"திங்கக்கிழமையானா உங்க பையன் ஓரிகன்ல இருந்து போன் பண்ணுவாரு, வியாழக்கிழமை உங்க வீட்டம்மா வந்து வாங்கிட்டுப் போவாங்க. பழசா, எண்ணெய் ஏறினதா, அந்தக் கார்ல எந்த ஓட்டைக்கும் பொருந்தாததாப் பாத்து வாரம் ஒண்ணு எடுத்து வைக்கணும்பாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாது சார், ஆனா வேலை முடியப்போகுதாமே, இந்த வாரம் குரலே சரியில்ல, ரெண்டாப் போடச் சொன்னாரு."