பாரிஸில் எங்கே சாப்பிடலாம் என்று என்னைக் கேட்டார்கள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் பழகியது முப்பத்திரண்டாவது வயதில்தான். அதற்குள் நடக்க வேண்டிய சேதம் நடந்து முடிந்துவிட்டது.

அப்போது மோர்னிங்சைட்டில், சிவபாலன் அங்கிள் வீட்டு பேஸ்மென்ற்றில் குடியிருந்தேன். கமலா அன்ரி என்ன சமைத்தாலும் ஒரு பங்கு படியிறங்கி எனக்கு வரும். அவர்களுடைய ஒரே மகள் அபி, வேலைக்குப் போன முதல் வருடத்திலேயே தாய் தகப்பனைப் பாரிசுக்கு அனுப்ப ரிக்கெற் போட்டாள். கனடா வந்த பிறகு அவர்கள் இருவரும் நயாகராவைத் தாண்டியதில்லை.

பாரிஸில் எங்கே சாப்பிடுவது என்று கேட்க அவர்களுக்கு என்னை விட்டால் ஆளில்லை. "நான் பாரிஸில இருக்கேக்க" என்று தொடங்கும் கதைகளை அந்த வீட்டில் நான் அவ்வளவு சொல்லியிருந்தேன். (இருந்தது மூன்று கிழமை, ஒரு மாதம்கூட இல்லை. கனடாவுக்கு வருகிற வழியில், மச்சான் ஒருவனின் அறையில். யன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். ஈபிள் கோபுரத்தை நான் பார்த்தது அவனுடைய திறப்புக் கோர்வையில், சாவிகளோடு தொங்கியதைத்தான்.)

அன்ரி மச்சம் சாப்பிடமாட்டார்; மீனில்லை, இறைச்சியில்லை, மரக்கறிதான். லாச்சப்பலில் எங்களுடைய கடைகள் இருக்கிறதாமே, இடியப்பம் சொதி கிடைக்குமாமே, மூன்று நேரமும் அங்கேயே சாப்பிட்டால் என்ன என்று கேட்டார். மிகச் சரியான யோசனை. நானும் அந்த மூன்று கிழமையும் அங்கேதான் சாப்பிட்டேன். ஆனால் சிரித்தேன். பாரிசுக்குப் போய் யாராவது இடியப்பம் சாப்பிடுவார்களா என்றேன். இணையத்தைக் கிண்டி ஏழு உணவகங்களின் பெயரை எழுதிக் கொடுத்தேன். கூடவே ஓர் அறிவுரை வேறு: ஆங்கிலத்தில் கதைத்தால் பிரெஞ்சுக்காரருக்குக் கோபம் வரும், மெனுவில் விரலால் தொட்டுக் காட்டுங்கள், சந்தேகம் வந்தால் எனக்கு போன் அடியுங்கள்.

அடித்தார்கள். மார்க்கம் நகரில் என் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அங்கே இராச் சாப்பாட்டு நேரம். மேசையைச் சுற்றிக் கூட வேலை செய்கிறவர்கள் ஐந்தாறு பேர். "பாரிஸிலிருந்து எடுக்கிறார்கள்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, இருந்த இடத்திலிருந்தே கதைத்தேன்.

அங்கிள் மெனுவைப் பார்த்து எழுத்துக் கூட்டினார். ஆர், ஐ, எஸ்.

மச்சானின் அறை மூலையில் கிடந்த அரிசி மூட்டை எனக்கு ஞாபகம் வந்தது. அதில் ஆர், ஐ, இசட் என்று இருந்தது. கடைசி எழுத்துத்தான் கொஞ்சம் இடித்தது. பிரெஞ்சில் கடைசி எழுத்தை எவன் உச்சரிக்கிறான்?

"அது சோறு அங்கிள்."

"பக்கத்தில வி, ஈ, ஏ, யூ எண்டு கிடக்கு."

"வி, ஈ எண்டு தொடங்கினா வெஜிற்றபிள்தானே. மரக்கறிச் சோறு. யோசிக்காம எடுங்கோ."

கால் மணித்தியாலத்தில் மறுபடி எடுத்தார். தட்டில் சோற்றைக் காணவில்லையாம். வெள்ளையாக, மெத்தென்று, காளானோடு ஏதோ கிடக்கிறதாம். அப்போதாவது தெரியாது என்றிருக்கலாம்.

"பிட்டு மட்டும் சோறு மாதிரியே இருக்கு, அங்கிள்? அரிசியை மாவாக்கி அவிச்சிருப்பினம்" என்றேன்.

பிறகு இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, சாப்பிடுமுன் எடுத்த தட்டு. மற்றது, வழித்துத் துடைத்த தட்டோடு சிரிக்கும் அன்ரி. பெருமையோடு மேசையைச் சுற்றிக் காட்டினேன். பிரெஞ்சு பேசும் மொன்றியாலில் பிறந்து வளர்ந்த லூயிஸ் போனை வாங்கி வடிவாகப் பார்த்தாள். உங்கள் அன்ரி துணிச்சல்காரி, கன்றுக்குட்டியின் தொண்டைச் சுரப்பியை முதல் தடவையே இப்படி ரசித்துச் சாப்பிடுகிறவர்கள் குறைவு என்றாள்.

என் சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன்.

உடனே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். பாவம், அவர்களுடைய பயணத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். உண்மையில், கெட்டுவிடும் என்று நான் பயந்தது என்னுடைய பாரிஸைத்தான். மற்ற ஆறு உணவகங்களையும் மூடிவிட்டார்களாம் (ஆறையும், ஒரே நாளில்) என்று செய்தி அனுப்பி, மிச்ச நாளெல்லாம் லாச்சப்பலுக்குப் போகச் சொன்னேன்.

அவர்கள் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை மேலே சாப்பிடக் கூப்பிட்டார்கள். இடியப்பம் எங்கேயும் தின்னலாம், தம்பி சொன்னபடியால்தான் அந்த மரக்கறிச் சோற்றைச் சாப்பிடக் கிடைத்தது என்று அன்ரி சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் செய்து பார்க்க வேண்டும், அதன் பேர் என்ன என்று என்னைக் கேட்டார். நான் தண்ணீர் குடித்தேன். அங்கிள் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அபி போனில் தேடினாள்.

"அம்மா, திஸ் இஸ் நொட் ரைஸ்" என்றாள். விஷயத்தை மெதுவாகத் தாய்க்குச் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, உங்களுக்கு முதலே தெரியுமா?"

என் முகமே சொல்லியிருக்கும்.

அன்ரி எழும்பிப் போய் வாய் கொப்பளித்தார். சாப்பிட்டு ஒரு கிழமைக்குப் பிறகு. அந்தச் சத்தம் வெகுநேரம் கேட்டது. தான் மூன்று வயதில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் இனி மச்சம் தொடமாட்டேன் என்று அம்மா நேர்ந்ததாக அபி சொன்னாள். இருபத்தொரு வருடம். அவர் கையால் அத்தனை நாள் சாப்பிட்ட நான், ஏன் மச்சம் தொடுவதில்லை என்று ஒரு நாளாவது கேட்டதில்லை.

அன்ரி திரும்பி வந்து கதிரையில் இருந்தார். குரல் உயரவில்லை.

"தெரியாமச் சொன்னதை விடு தம்பி. தெரிஞ்ச பிறகு ஏன் சொல்லேல்லை?"

மறுநாளும் எனக்குச் சாப்பாடு வந்தது. ஏசியிருந்தால் விழுங்குவது இன்னும் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது அது அந்த வீட்டின் பகிடி. அந்தப் பயணம் முடிந்து நாலாவது வருடம், அபியின் கலியாணத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு அங்கிள் என்னை அறிமுகப்படுத்தினார்: "இவர் பாரிஸ்காரர். வழி கேக்கலாம், சாப்பாடு மட்டும் கேளாதேங்கோ." கதை தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்ரியும் சிரித்தார்.

கொஞ்சம் கழித்து, பந்தியில் மாப்பிள்ளையின் தாய் அன்ரியிடம், எத்தனை வருடமாக மச்சம் சாப்பிடுவதில்லை என்று கேட்டது என் காதில் விழுந்தது.

அன்ரி என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"இப்ப நாலு வருஷம்."